ஐந்து வெட்டு வாசற்கால்

மரக்காணம் பக்கம் உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்திட்டுதான் எங்கள் ஊர். கடல் கரையை அரித்து வாசலுக்கு வந்துவிட்டால், வீட்டைப் பிரித்துக் கழிப்பக்கமாகத் தள்ளிக் கட்டுவோம். கூரை புதிதாக வரும், வாசற்கால் மட்டும் பழையதே. அதை மறுபடி நடும்போதெல்லாம் அரிவாளால் ஒரு வெட்டு. எங்கள் வாசற்காலில் ஐந்து வெட்டுகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆட்களுக்கு ஊர் வரலாறு அவ்வளவுதான்.

நான் திண்டிவனத்தில் விடுதியில் தங்கி ஏழாவது படித்தேன். வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். லீவுக்குப் போனபோது அப்பாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

கண்காட்சியன்று காலையில் விடுதி வாசலில் அப்பா நின்றார். தோளில், வெட்டுகள் உள்ள பகுதியை மட்டும் அறுத்தெடுத்த கட்டை. அவர்மேல் வீசிய கருவாட்டு வாடை என் தோழிகளுக்கும் எட்டியிருக்கும் என்று எனக்கு உடம்பு கூசியது.

"நல்லா எடுத்துச் சொல்லு பாப்பா. எத்தினி தபா தள்ளிக் கட்டுனோம்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

தலையாட்டி அனுப்பிவிட்டு, கட்டையைச் சமையல்கட்டுக்குப் பின்னால் விறகோடு போட்டேன். தோழி ஒருத்தி இரண்டு பித்தளைச் சொம்புகள் கொண்டுவந்திருந்தாள். ஒன்றைக் கடன் வாங்கி, என் கொள்ளுத்தாத்தாவுடையது என்று அளந்துவிட்டேன். அவருக்கு ஜமீனில் கணக்குப்பிள்ளை வேலைகூடப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் பரிசு கிடைத்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் கட்டையைக் காணோம்.

"காஞ்ச கட்ட, சாம்பாருக்கு நல்லா எரிஞ்சிது" என்றார் சமையல்கார அக்கா.

அடுத்த லீவில் அப்பா கேட்டது ஒன்றுதான். "எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்கப்பா. ஸ்கூல்லயே வெச்சிக்கினாங்க."

"அங்கியே இருக்கட்டும். பத்திரமா இருக்கும்."

இன்று திட்டு இல்லை. எங்கள் ஆட்கள் திண்டிவனம், விழுப்புரம் என்று வாடகை வீடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். எங்கள் ஊர் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருப்பதாக அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். இத்தனை வருடமாகியும் வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடுதான்.

குடியிருக்கும் வீட்டின் வாசற்காலை யாராவது அறுப்பார்களா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆறாவது தடவை தள்ளிக் கட்டத் திட்டில் இடமில்லை என்பது அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது.