ஒரு தட்டு... இரண்டு தட்டு

இது உண்மையாக நடந்தது. எழிலனுக்குக் கதை கட்டத் தெரியாது. நடந்த நேரம் உட்பட எல்லாம் அவன் சொன்னபடியேதான் எழுதுகிறேன். பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும், இது பட்டப்பகலில் நடந்தது.

எழிலனுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. ஆசை ஆசையாக வாங்கிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தான். பார்த்தால் பாயப் போவது போல் இருக்கும். உள்ளே இருந்ததோ 1.2 லிட்டர் இன்ஜின். பைபாஸில் காய்கறி ஏற்றிய மினி லாரிகூட ஹார்ன் அடித்து அவனை ஒதுங்கச் சொல்லும். அந்த மானக்கேடு அவனைத் தூங்க விடவில்லை. இரண்டு லிட்டர் இன்ஜினை மாற்றி வைத்துவிடலாமா என்று கடலூர் மெக்கானிக் சேக் பரீதுவிடம் போய் நின்றான்.

"வெக்கலாம் தம்பி. வண்டி பறக்கும். ஆனா நிக்குமான்னு யோசிச்சியா? பிரேக் பத்தாது."

"பிரேக்கையும் மாத்திடுவோம் பாய்."

"அப்ப உன் இஷ்டம். பெரிய இன்ஜின் வண்டிய ஓட்டிப் பாத்து முடிவு பண்ணு. பேப்பர் இல்லாம மட்டும் இன்ஜின கொண்டாந்துடாத."

சிதம்பரத்தில் ஜெயப்பிரகாஷ் என்பவரிடம் அதே காரின் பெரிய மாடல் இருந்தது. முழு வண்டியாக விற்க மாட்டாராம். பாகம் பாகமாகக் கழற்றித்தான் கொடுப்பாராம். ஏன் என்று எழிலன் அப்போதே கேட்டிருக்க வேண்டும். இன்ஜின் கிறுக்கு பிடித்தவனுக்கு அதெல்லாம் தோன்றுமா?

செவ்வாய்க்கிழமை காலை 11:35. ஷெட்டில் தார்ப்பாயை விலக்கினார் ஜெயப்பிரகாஷ். முன் பம்பர் மட்டும் புத்தம் புதிது. எழிலன் பானெட்டில் கை வைத்தான். சுட்டது.

"இப்பத்தான் ஓட்டுனீங்களா சார்?"

"பதினோரு மாசமா எடுக்கவே இல்ல தம்பி. வெயில் ஜாஸ்தி, அதான்."

ஷெட்டுக்குள் வெயிலே இல்லை.

பேப்பர் கேட்டதற்கு, "அப்புறம் தர்றேன், இன்னைக்கே கழட்டிக்கினு போயிடு" என்றார். பேட்டரியை மாட்டி, ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஊரைத் தாண்டியதும் எழிலன் காட்டுமன்னார்கோயில் சாலையில் திருப்பினான்.

"இந்த ரோடு வேணாம் தம்பி. ரோடு சரியில்ல."

சாலை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் வயல். எழிலன் மிதித்தான். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. இதுதான் என் இன்ஜின் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டான்.

12:04.

டங்.

பின்பக்கத் தகரத்தில் யாரோ தட்டினார்கள். ஒரே ஒரு தட்டு.

பஸ் ஏறி வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்டக்டர் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ரைட், போகலாம். எழிலனின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"ஏன் நிறுத்துன?"

"பின்னாடி யாரோ தட்டுனாங்க சார்."

கண்ணாடியில் பார்த்தான். வெறும் சாலை. ஏசி ஓடியும் ஜெயப்பிரகாஷின் சட்டை நனைந்திருந்தது.

"திருப்பு. வீட்டுக்குப் போலாம்."

எழிலன் வண்டியை எடுத்து ஸ்டீயரிங்கை ஒடித்தான். அது திரும்பவில்லை... கார் நேராகவே போனது.

12:11.

டங்.

இந்த முறை ஜெயப்பிரகாஷின் கதவில். பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. அது எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

12:14. குமராட்சிக்கு முந்தின ஒரு ஸ்டாப். பூவரச மரம், பக்கத்தில் மதகுச் சுவர். ஆள் நடமாட்டம் இல்லை.

டங்.

கார் நின்றது. மதகைப் பார்த்தபடி.

எழிலன் சாவியைத் திருப்பி உருவினான். இன்ஜின் அணையவில்லை. சாவி அவன் கையில் இருந்தது. உறுமல் ஏறிக்கொண்டே போனது...

ஜெயப்பிரகாஷ் இறங்கி ஓடினார். பானெட்டைத் தூக்கி பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

அமைதி.

எழிலன் இறங்கப் பார்த்தான். கதவு திறக்கவில்லை.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஜெயப்பிரகாஷின் குரல் மட்டும் கேட்டது. யாரிடமோ பேசினார்.

"நான் பாக்கலடா... சத்தியமா பாக்கல... போன் பாத்துக்கினு வந்துட்டேன்..."

12:17.

டங்...

டங்.

கார் பாய்ந்தது.

ஜெயப்பிரகாஷ் மதகிலேயே செத்துப்போனார். எழிலனைப் போலீஸ் இரண்டு நாள் விடவில்லை. தன் கால் ஆக்சிலேட்டரில் இல்லை என்று அழுதுகொண்டே சொன்னான். யார் நம்புவார்கள்? கொலைக் கேஸ் ஆகிவிடும் என்றே நினைத்தான். கடைசியில் அவனைக் காப்பாற்றியது ஒன்றுதான். வண்டி நியூட்ரலில் கிடந்தது. பிடுங்கிய பேட்டரி ஒயர், செத்தவர் கையில் அப்படியே இருந்தது.

சிவப்புக் காரில் அதே 1.2 லிட்டர்தான் இன்றும் ஓடுகிறது. மினி லாரி ஹார்ன் அடித்தால் எழிலன் மரியாதையாக ஒதுங்குகிறான்.

ஆனால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் அவனால் இருக்க முடியவில்லை. மறுவாரம் போய் பூவரச மரத்தடியில் நின்றான். மரத்தில் ஒரு காய்ந்த மாலை தொங்கியது. மினிபஸ் ஒன்று வந்து நின்றது. அந்த மாலையைப் பற்றி டிரைவரிடம் கேட்டான். டிரைவர் பெயர் சின்னையன்.

"எங்க கண்டக்டர் அறிவழகனுக்குப் போட்டது சார். பதினோரு மாசம் ஆவுது. ஒரு தட்டு தட்டி நிறுத்துனான். ஒரு அம்மாவோட நெல்லு மூட்டைய எறக்கிக் குடுக்கப் பின்னாடி போனான். பின்னால வந்த கார் அடிச்சிட்டு நிக்காமப் போயிடுச்சு. மோதுனதுல எங்க வண்டி பின் டயரும் வெடிச்சி நகரல, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அரை மணி நேரம் உசுரோட கெடந்தான் சார். கார்க்காரன் நின்னு தூக்கிப் போட்டுக்கினு போயிருந்தா பொழச்சிருப்பான். யாருன்னே கண்டுபிடிக்கல."

"மணி எத்தன இருக்கும்?"

"பன்னெண்டு பதினேழு. ட்ரிப் ஷீட்டுல நானே எழுதுனேன்."

 ஜெயப்பிரகாஷ் மேல் எழிலனுக்கு அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அங்கேயே போய்விட்டது என்றான். எனக்கும்தான்.

சின்னையன் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நிறுத்தச் சொன்னவன் ரைட் குடுக்காமயே போயிட்டான். அந்த ரெண்டு தட்டு வரவே இல்லையேன்னு தெனமும் நெனப்பேன். போன செவ்வாக்கெழம சிதம்பரம் ஸ்டாண்டுல வண்டிய ஆஃப் பண்ணிட்டுத் தனியா உக்காந்துகினு இருந்தேன் சார். அதே பன்னெண்டு பதினேழு. பின்னாடி டங், டங்குன்னு கேட்டுச்சு. எறங்கிப் பாத்தேன்... யாரும் இல்ல."