இரண்டு புள்ளியும் ஒரே நிறம்

உமா மகேஸ்வரிக்கு இணையப் பக்கங்கள் செய்வதுதான் தொழில். கல்யாணத்துக்கு முன் நாலு வருடம் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கல்யாணம் முடிந்து தென்காசிக்கு வந்த பிறகு, கீழப்புலியூரில் வாடகை வீட்டு மாடியறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று யார் கேட்டாலும் செய்து கொடுத்தாள். அவள் கணவன் குத்தாலிங்கத்துக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை. தக்காளியும் கத்தரிக்காயும் முக்கியம். விடிவதற்கு முன்னால் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவான். தக்காளிக் கூடையைப் பார்த்து விலை சொல்லுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. நாலைந்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்குவான், காம்பை முகர்வான், அப்புறம்தான் வாயைத் திறப்பான். அவன் கைக்கு எதுவும் தப்பாது என்று மார்க்கெட்டில் பேர்.

போன சீசனுக்குக் குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் சிலர் சேர்ந்து உமாவிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். எந்த அருவியில் இன்று குளிக்கலாம், எதில் வெள்ளம் வந்து தடை போட்டிருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் போனிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். உமா அழகாகச் செய்தாள். அருவிகளின் படங்கள், ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு சின்ன வட்டப் புள்ளி. பச்சை என்றால் குளிக்கலாம், சிவப்பு என்றால் தடை. எழுத்தே இல்லாமல் பளிச்சென்று இருப்பதாக எல்லாரும் பாராட்டினார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புனலூரிலிருந்து ஒரு காய்கறி வியாபாரி குடும்பத்தோடு வந்திருந்தார். குத்தாலிங்கம் போனைப் பார்த்துவிட்டு அவர்களை ஐந்தருவிக்கு வேனில் கூட்டிப் போனான். ஒரு மணி நேரத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஒன் பக்கத்த நம்பித்தான போனேன். அங்கன தடுப்பப் போட்டு மறிச்சு வச்சிருக்கான். வந்தவுக என்ன நெனப்பாவ?"

"காலைல ஆறு மணிக்கே செவப்பா மாத்திட்டேனே."

"எங்க மாத்துன? எல்லாம் ஒண்ணுபோலதான கெடந்துச்சு."

உமா போனை அவன் முன்னால் நீட்டினாள். மெயினருவியின் புள்ளியைத் தொட்டு, "இது என்ன கலரு?" என்றாள்.

"பச்ச."

விரலை ஐந்தருவிக்கு நகர்த்தினாள். "இது?"

கொஞ்சம் யோசித்தான். "அதுவும் பச்சதான். இல்ல, செவப்பா? ஏட்டி, என்ன பரீட்சையா வைக்க?"

விளையாடுகிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தான். உமா சிரிப்பை நிறுத்தினாள்.

"எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்து. ஆறாப்பு படிக்கும்போது எலைக்குச் செவப்பு அடிச்சிட்டேன். கிளாஸே சிரிச்சுது. அதுக்குப் பெறவு யாருட்டயும் சொல்லல."

"எங்கிட்டகூடவா?"

"பொண்ணு பாக்க வந்த எடத்துல சொல்லுத சங்கதியா அது? பெறவு நேரமே வாய்க்கல."

கல்யாணமாகி ஒன்பது வருடம். அவன் சாப்பிட்டுப் படுத்த பிறகு உமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் கண்ணுக்கு ஒரு பக்கம் எப்படித் தோன்றும் என்று காட்டுகிற வசதி பிரவுசரிலேயே உண்டு. சென்னையில் பயிற்சி எடுத்தபோது ஒரு தடவை திறந்து பார்த்ததோடு சரி. நிறத்தை மட்டும் நம்பி எந்தச் செய்தியையும் சொல்லக் கூடாது என்பதும் அவள் அன்றைக்கே படித்த பாடம்தான். வசதியைத் திறந்ததும் இரண்டு புள்ளிகளும் ஒரே மாதிரி மங்கின கடுகு நிறத்துக்கு வந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு என்ன தோன்றியதோ, கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்து அதே பிரவுசரில் போட்டாள். அம்மா காஞ்சிபுரம் வரை போய் எடுத்து வந்த அரக்குச் சிவப்புப் பட்டு, சேற்றில் தோய்த்த மாதிரி நின்றது. சுற்றிக் கட்டியிருந்த மாவிலையும் அதே சேறு. பக்கத்தில் குத்தாலிங்கம் வாயெல்லாம் பல்லாக நின்றான். தீபாவளிக்குத் தீபாவளி அவன் எடுத்து வருகிற நீலச் சேலைகளை நினைத்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்கு வேறு கலரே கண்ணில் படாதா என்று ஒவ்வொரு வருடமும் தங்கச்சியிடம் குறை சொல்லியிருக்கிறாள். நீலத்தை மட்டும் சோதனையிலும் அப்படியே காட்டியது. உமா படத்தை மூடிவிட்டு, போய்த் தூங்குகிறவனுக்கு ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

அன்று சாயங்காலமே பக்கத்தை மாற்றினாள். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் அருவியின் பேரையும், 'குளிக்கலாம்' அல்லது 'தடை' என்றும் எழுத்தில் போட்டாள். தடைக்கு வட்டத்தை எடுத்துவிட்டுப் பெருக்கல் குறி வைத்தாள். கண் தெரியாதவர்களுக்குப் போன் வாசித்துச் சொல்லும்போது அருவியின் பேரும் நிலவரமும் காதில் விழுகிற மாதிரி படங்களுக்கு உள்ளேயும் எழுதி வைத்தாள்.

மறுநாள் காலை மார்க்கெட்டிலிருந்து அவனே கூப்பிட்டான். "உமா, எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. 'ஐந்தருவிதடைபுலியருவிகுளிக்கலாம்'னு ஒரே வார்த்தையா வருது."

அவளுடைய போனில் சரியாகத்தான் இருந்தது. அவன் போன் ஆறு வருடப் பழசு. அதில் பிரவுசரைப் புதுப்பித்ததே இல்லை. உமா கடையநல்லூரில் இருக்கும் ஹஃப்சாவைக் கூப்பிட்டாள். சென்னைக் கம்பெனியில் பக்கத்து நாற்காலிக்காரி அவள். வீட்டுக்காரர் சவுதியில் தம்மாமிலிருந்து கொண்டுவந்த பழைய ஐபோன் ஒன்று அவளிடம் இருந்தது.

"ஏ பிள்ள, இதுலயும் அப்படித்தான் ஒட்டிக்கிட்டு நிக்கி," என்றாள் ஹஃப்சா. "நடுவுல எடம் விட புதுக் கட்டளையா போட்ட? பழசுகளுக்கு அது புரியாதுல்லா. ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல தனியா எடம் விடு, முன்ன செஞ்ச மாதிரி."

உமா அப்படியே செய்தாள். பழைய போனிலும் புதுப் போனிலும் எழுத்துகள் விலகி நின்றன. வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து லாட்ஜ்காரர்கள் சார்பில் ஞானசம்பந்தம் போன் செய்தார். உமா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த குத்தாலிங்கம் கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னம்மா, அழகா இருந்தத இப்படி நோட்டீஸ் போர்டு மாதிரி ஆக்கிட்டியே. பச்ச செவப்பு சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும். பழையபடி மாத்திரும்மா."

"இல்ல அண்ணாச்சி, சில பேருக்கு அந்த ரெண்டு கலரும் பிரிச்சுத் தெரியாது. நெறையப் பேரு அப்படி இருக்காவ…"

"யாரு இருக்கா? நம்ம ஊர்ல நான் ஒருத்தரக் கண்டதில்ல."

உமா கூடத்தைப் பார்த்தாள். அவன் ரகசியத்தைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. வேறு எப்படிச் சொல்லலாம் என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே குத்தாலிங்கம் எழுந்து வந்து போனை எடுத்தான்.

"அண்ணாச்சி, நான் குத்தாலிங்கம் பேசுதேன். எனக்குத் தெரியாது. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான். போன ஞாயித்துக்கெழம விருந்தாளியக் கூட்டிக்கிட்டு ஐந்தருவியில போயி அசிங்கப்பட்டு வந்தேன்."

ஞானசம்பந்தத்தின் குரல் இறங்கியது.

"நீங்க தக்காளி யாவாரம்லா பண்ணுதீய?"

"ஆமா."

"இருவது வருசமாவா?"

"இருவத்திரெண்டு."

ஞானசம்பந்தம் விழுந்து விழுந்து சிரித்தார். குத்தாலிங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எழுத்து இருக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். உமா கத்தரிக்காயை விட்டுவிட்டு, ஈரக் கையாலேயே அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சட்ட நனையுதுட்டி," என்றான், நகராமலே.

செய்தி இரண்டே நாளில் பாவூர்சத்திரம் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் மிளகாயைக் காட்டி, "அண்ணாச்சி, இது என்ன கலரு?" என்று கேட்டுப் பார்த்தார்கள். அவன், "ஒறப்பான கலரு," என்றான். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அதற்கும் பிறகு ஒரு நாள், கடையில் கூட்டம் குறைந்த நேரம், மூட்டை ஏற்றுகிற அய்யாக்குட்டி வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வருடமாக அந்த மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர். "எனக்கும் அதே கதைதான் அண்ணாச்சி," என்றார் மெல்ல. அங்கே கேரளா போகிற மூட்டைக்குச் சிவப்பு மையும் உள்ளூர் மூட்டைக்குப் பச்சை மையும் பூசுவார்கள். மாற்றி ஏற்றிவிட்டு அவர் எத்தனையோ தடவை ஏச்சு வாங்கியிருக்கிறார். சரக்கு மாறிப்போன சேதி வந்ததும் ஏசியவர்களில் குத்தாலிங்கமும் ஒருவன்.

மதியம் அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தான். உமா ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வட்டம், பெருக்கல் குறி, இரட்டைக் கோடு என்று மூன்று அடையாளங்களைப் பெரிதாக வரைந்து மேசையில் வைத்தாள். "மூட்டையில கலருக்குப் பதிலா போட, எது தூரத்துலேருந்து சட்டுனு தெரியுது, பாத்துச் சொல்லுங்க," என்றாள். அய்யாக்குட்டி வாசல்வரை பின்னால் நடந்து போய் நின்று, கண்ணை இடுக்கி, சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.