வெள்ளிமலை மாடியில் நான்கு செல்கள்

கல்யாணமான ஏழாவது மாதம், ஆராய்ச்சிப் படிப்புக்காக நான் வெகு தொலைவிலுள்ள ஒரு நகரத்துக்குப் போனேன். கணவர் வெள்ளிமலைப் பக்கம் பள்ளி ஆசிரியர். பள்ளிக்கு எதிரே ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார்.

என் வேலை பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் செய்யும் சூரிய செல்களில். கண்ணாடித் தகட்டில் கரைசலை ஊற்றிச் சுழற்றிச் சூடாக்கினால் கரும்பழுப்பாக மெல்லிய படலம் படியும். ஆய்வகத்தின் ஈரம் புகாத நைட்ரஜன் பெட்டிக்குள் இருக்கும்வரை அருமையாக மின்சாரம் தரும். வெளியே வந்து ஈரம் பட்டால் படலத்தில் நுண்ணிய குறைகள் பெருகும். வெளிச்சம் உண்டாக்கிய மின்னூட்டம் வெளியே வராமல் அந்தக் குறைகளில் சிக்கி உள்ளேயே வீணாகும். கடைசியில் படலமே மஞ்சளாகிவிடும்.

மூடுபனியில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க என் நெறியாளர் விரும்பினார். வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையில் வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஊருக்குப் போக எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

நான்கு செல்களைக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து ஓரங்களை அடைத்து, கணவர் வீட்டு மொட்டை மாடியில் பொருத்தினேன். மல்டிமீட்டரில் அளக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். தினமும் மதிய இடைவேளையில் அளந்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த்தொட்டி வரை நடந்துவந்து போன் செய்வார்.

"ஒண்ணு புள்ளி பூஜ்யம் அஞ்சு. கரண்ட்டும் நேத்து மாதிரிதான். எழுதிக்கினியா?"

"எழுதிட்டேங்க. சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான். மேகம் மாடி மேலயே வந்து குந்திக்கினு இருக்குது. நீ இருந்தா கீழ எறங்கவே மாட்ட."

பன்னிரண்டரை மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வக வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்.

மழைக்காலம் வந்தது. எண்கள் குறையவில்லை. நெறியாளர் சந்தோஷப்பட்டார், பிறகு சந்தேகப்பட்டார். படம் அனுப்பச் சொன்னார். சிக்னல் பத்தவில்லை என்றார் கணவர். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி மலை ஏறி, பையை வாசலில் வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனேன். நான்கு செல்களும் மஞ்சளாகிக் கிடந்தன. பின்னாலேயே வந்தவர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"மழ புடிச்ச ரெண்டாவது வாரம். அப்பறம் கம்மியாய்க்கினே வந்துது."

"என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"போயிடுச்சுன்னு சொன்னா கயட்டி எடுத்துக்கினு போயிடுவ. அப்பறம் மத்தியானத்துல இன்னா சொல்லி உனுக்குப் போன் பண்றது?"

அந்த எண்களை நான் அறிக்கையில் வரைபடமாகப் போட்டிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கோபமாகவே சொன்னேன். அவர் கீழே போய் ஒரு பழைய கட்டுரை நோட்டை எடுத்துவந்து நீட்டினார். ஒவ்வொரு நாளின் உண்மையான அளவும் நான்கு செல்லுக்கும் தனித்தனியாக அதில் இருந்தது. வோல்டேஜ் மெல்லத்தான் இறங்கியிருந்தது. கரண்ட் சீக்கிரமே விழுந்திருந்தது. தேதிக்குப் பக்கத்தில் பனி, தூறல், வெயில் என்றும் எழுதியிருந்தார்.

"எழுதறப்ப பொய் வரல. உன்கிட்ட பேசறப்பதான் வந்துது," என்றார்.

அன்றைக்கே தொட்டிவரை நடந்துபோய் நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடுமையாகத் திட்டினார். வரைபடத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். பிறகு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் கொஞ்சம் தணிந்தார். ஈரம் ஓரத்து அடைப்பு வழியாகத்தான் புகுந்திருக்கிறது என்று அந்தக் கணக்கிலிருந்து தெரிந்தது. அடுத்த தொகுப்புக்கு அடைப்பை அகலமாக்கினோம். ஆனால் அதை ஆய்வகத்தின் மாடியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

நான் திரும்பிப்போன மறுநாள் மதியம் கணவரிடமிருந்து போன் வந்தது.

"அளக்கறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றார்.

"தெரியும்ங்க."

தொட்டியிலிருந்து தண்ணீர் வழியும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.