மல்சுக் சித்தியின் முதுகு மச்சம்

பொதுக் குளியலகத்தில் உட்காரும் முன் ஸ்டூலின் மேல் ஒரு பேசின் வெந்நீர் ஊற்றுவது எல்லோரும் செய்வதுதான். மல்சுக் சித்தி பக்கத்தில் காலியாகக் கிடக்கும் ஸ்டூலுக்கும் ஊற்றுவார். யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று அவருக்கே தெரியாது. வருகிறவருக்குச் சில்லென்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏழு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு ஞாயிறுகூட மறந்ததில்லை.

அப்படிச் சூடாகக் கிடந்த ஸ்டூலில்தான் நானும் முதலில் உட்கார்ந்தேன். கொரிய மொழி படிக்கப் புசானுக்கு வந்த முதல் குளிர்காலம். என் அறையில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோய், வேறு வழியில்லாமல் தெருமுனைப் பெண்கள் குளியலகத்துக்குப் போனேன். அங்கே எல்லோரும் பிறந்தமேனியாக இருந்தார்கள். நான் மட்டும் கழுத்திலிருந்து முட்டிவரை துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"என்னடி, துண்டையா குளிப்பாட்டப் போற?" என்றார் சித்தி. பக்கத்தில் இருந்த அவருடைய சந்தைத் தோழி தொக்ஜா அக்கா சிரித்த சிரிப்பில் சுவர் அதிர்ந்தது.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, தங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"ஐயே, டிவில நியூஸ் வாசிக்கிறவளாட்டம் பேசுது பாரு! திரும்புடி, முதுகைக் காட்டு."

சொரசொரப்பான பச்சைக் கையுறையால் என் முதுகைத் தேய்த்துவிட்டு, கையுறையை என்னிடம் நீட்டித் தன் முதுகைக் காட்டினார். அங்கே அதுதான் முறை. ஒரு முதுகுக்கு ஒரு முதுகு. பெயர் கேட்பதெல்லாம் பிறகு. செண்பகவல்லி என்றேன். அவர்கள் வாயில் நுழையாமல் செம்பா ஆனேன்.

சித்தி மீன் சந்தையில் கானாங்கெளுத்தி கீறி உப்புப் போடுகிறவர். கணவர் இல்லை. ஒரே மகன் சியோலில் வேலையாக இருக்கிறான். வாரம் முழுக்க ஏறிய மீன் வாடையை ஞாயிறு காலையில் கரைப்பார். கரைக்கும்போது பேசுவார். வகுப்பில் நான் படித்தது பாதி மொழிதான். திட்டுவது, கொஞ்சுவது, பேரம் பேசுவது, அடுத்தவள் மருமகளைப் பற்றிக் குரலைத் தாழ்த்துவது எல்லாம் அந்த நீராவிக்குள் கற்றவை. பிறகு புசானிலேயே பட்டம் வாங்கினேன், கப்பல் உதிரிபாகக் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. ஞாயிறு மட்டும் மாறவில்லை.

சித்தியின் வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. அதை அவர் பார்த்ததே இல்லை; ஆனால் அதன் பெருமையை நாள் முழுக்கச் சொல்வார். பிறந்தபோதே அவர் அம்மா சொன்னாராம், இது அதிர்ஷ்ட மச்சம் என்று. சந்தையில் குலுக்கலில் கடை விழுந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது எல்லாம் அதனால்தான். லாட்டரி வாங்கும் வாரத்தில் தொக்ஜா அக்கா அதை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவார். எங்கள் கோவில்பட்டியில் மட்டும் என்ன, "மச்சக்காரி" என்றுதானே சொல்கிறோம்.

போன இலையுதிர் காலத்தில் தங்கை கல்யாணத்துக்காக நீண்ட விடுப்பில் ஊருக்குப் போய், சில மாதம் கழித்துத் திரும்பினேன். முதல் ஞாயிறு சித்தியின் முதுகைத் தேய்க்க உட்கார்ந்தவள் கையை நிறுத்திவிட்டேன். மச்சம் பெரிதாகியிருந்தது. ஓரம் பிய்த்துப்போட்டதுபோல் இருந்தது. கையுறை லேசாகப் பட்டதற்கே ரத்தம் கசிந்தது.

"சித்தி, இது வளர்ந்திருக்கு."

"வளரட்டுமே," என்றார் தொக்ஜா அக்கா. "அதிர்ஷ்டம் வளருது. நாங்க வாராவாரம் பாக்குறோமே."

வாராவாரம் பார்ப்பதால்தான் அவர்களுக்குத் தெரியவில்லை என்று எனக்கு உறைத்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நான் எதைச் சொன்னாலும் "படிச்ச திமிரு" என்பார்கள், அல்லது அப்படியே நம்பிவிடுவார்கள். இரண்டுமே எனக்குப் பயம். இங்கேயோ வெளியூர்க்காரி வேறு.

"டாக்டர்கிட்ட காட்டுங்க, சித்தி. இது நல்ல மச்சம் மாதிரி தெரியல."



"வாயைக் கழுவுடி!" என்றார் தொக்ஜா அக்கா.

சித்தி மெல்லத் திரும்பினார். "ஏழு வருஷம் எங்க சோத்தைத் தின்னு எங்க பேச்சைக் கத்துக்கிட்டது இதைச் சொல்லத்தானா?"

எழுந்து போய்விட்டார். என் முதுகைத் தேய்க்காமலே. அந்தக் குளியலகத்தில் யாரும் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. வெந்நீரில் உட்கார்ந்தும் எனக்குக் குளிர்ந்தது. பேசக் கற்றுக்கொண்டேனே தவிர, எதைப் பேசாமல் இருப்பது என்று கற்கவில்லையோ? பேசாமல் இருந்து, அது வேறு ஏதாவதாக இருந்துவிட்டால்?

புதன்கிழமை மாலை என் கம்பெனி வாசலில் உப்புமீன் பொட்டலத்தோடு சித்தி நின்றார்.

"தூக்கமே இல்லடி. கண்ணாடியில பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு. நீயும் வா. பையனுக்குத் தெரிய வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் கூட வந்த பொறுப்பாளர் யார் என்று நர்ஸ் கேட்டாள். சித்தி என்னைக் காட்டினார். நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"முதுகு தேய்க்கிற உறவு."

அவளும் புசான்காரிதான். சிரித்துக்கொண்டே பெயரை எழுதிக்கொண்டாள்.

வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை சித்தி சந்தையில் யாரோடும் பேரம் பேசவில்லையாம். கேட்ட விலைக்கே மீனைக் கொடுத்தாராம். அதைக் கேட்டுத்தான் நான் அதிகம் பயந்தேன்.

முடிவு சொன்ன டாக்டர் சியோல்காரர். தோலின் மேலடுக்கு, பரவல் இல்லை, விளிம்புகள் சுத்தம் என்று புத்தகத் தமிழ் மாதிரி புத்தகக் கொரியத்தில் அடுக்கிக்கொண்டே போனார். சித்தி என் தொடையைக் கிள்ளினார்.

"என்னடி சொல்றான் இவன்?"

கெட்டதுதான், ஆனால் மேலோடு நின்றுவிட்டது, மொத்தமாக எடுத்தாகிவிட்டது, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும். இதையெல்லாம் கொரியத்திலிருந்து கொரியத்துக்கு நான் எப்படி மொழிபெயர்ப்பது?

"நீங்க இப்போதைக்குச் சாக மாட்டீங்களாம், சித்தி."

"அதை முதல்ல சொல்றதுக்கென்ன!" என்று டாக்டரைப் பார்த்துக் கத்தினார். அவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

எதிரே இருந்த கடையில் பன்றி இறைச்சிச் சூப்பும் சோறும் வாங்கித் தந்தார். குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. "மிளகாய் ஜாஸ்தி," என்றார். ஒரே சட்டியிலிருந்து வந்த என் சூப்பில் மிளகாயே இல்லை. கடை அம்மா தந்த மிளகாய்த் தூளை நானும் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

புண் ஆறும்வரை குளியல் கூடாது, தையல் பிரிக்கும்வரை கையை வீசித் தேய்க்கவும் கூடாது. அந்த வாரங்களில் தொக்ஜா அக்கா பச்சைக் கையுறையோடு என் பின்னால் வந்தார். "வாயைக் கழுவச் சொன்ன பாவத்துக்கு நான் தேச்சு விடுறேன்."

சித்தி ஸ்டூலில் சட்டையோடு உட்கார்ந்து, கால் மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். "கை வச்சியோ பாரு! அந்த முதுகு என் கடன்."

தையல் பிரித்து, டாக்டரும் சரி என்றாகிவிட்டது. சித்தி பழையபடி இரண்டு ஸ்டூலுக்கும் வெந்நீர் ஊற்றுகிறார். தழும்பைச் சுற்றி நான் மெதுவாகத் தேய்த்து முடிக்கிறேன். பிறகு திரும்பி உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

"தோள் இன்னும் பிடிக்குதுடி. அடுத்த ஞாயித்துக்கிழமை."

"ஏண்டி, நேத்து சந்தையில ரெண்டு பெட்டி மீனைத் தூக்கினியே?" என்று தொக்ஜா அக்கா கேட்டுவிட்டார்.

சித்தி காது கேட்காததுபோல் பேசினை நிரப்பிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அடுத்த ஞாயிறு என்றுதான் சொன்னார்; கடனைத் தீர்த்துவிட அவருக்கு மனசில்லை.