பாதித் தெருவை அடைத்த கோலம்

எங்கள் காலனி வாளையார் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால், சின்ன வண்டிகளெல்லாம் எங்கள் தெருவில் புகுந்து பறக்கும். வேகத்தடை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போன மார்கழியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசல் கோலத்தைப் பாதித் தெரு வரைக்கும் பெரிதாக்கினேன்.

"கோலத்தைப் பாத்தா எவனா இருந்தாலும் மெதுவாத்தானுங்க போவான்" என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அன்று விடியற்காலையில் நல்ல பனி. கோலத்தை முடித்துவிட்டு கேட்டருகே நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவிலிருந்து ஒரு பால் வண்டி வேகமாக வந்தது. கோலத்தைக் கண்டதும் டிரைவர் பிரேக் கிறீச்சிட சட்டென்று எதிர்ப்பக்கம் ஒடித்தார். அங்கே எதிர்வீட்டு கவிதா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. அவள் கையிலிருந்த துடைப்பம் சக்கரத்தின் அடியில் போனது. சுவரோடு ஒட்டி நின்ற அவள் வயிற்றுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

டிரைவர் இறங்கினார். "அக்கா, கோலத்து மேல ஏத்த மனசு வரலீங்க."

கவிதாவின் மகள் இப்போது தவழ்கிறாள். நான் கேட்டுக்கு உள்ளேதான் கோலம் போடுகிறேன். வேகத்தடைக்காக வாரம் தவறாமல் வார்டு மெம்பர் வீட்டுக்கு நடக்கிறேன். ஆனாலும் கோலப்பொடியைக் கையில் எடுத்தால் அந்தப் பிரேக் சத்தம் காதில் விழுகிறது. அன்று எல்லோரும் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். என் கோலத்தில் ஒரு புள்ளிகூட அழிந்திருக்கவில்லை.