கோழிக்குத் திட்டம் உண்டு, கூண்டுக்கு இல்லை

மருமகள் திருடி என்று என்னிடம் புகார் சொன்ன மாமியார்கள் பலர். நகை என்பார்கள், பணம் என்பார்கள். காளியம்மாள் மட்டும்தான் அவித்த முட்டை என்றாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. கன்னிவாடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக டிவிஎஸ் ஃபிப்டியில் அலைந்துகொண்டிருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் கோழி வராது.

1. எடை போடும் நாள்

அங்கன்வாடியில் தொங்கு தராசில் பிள்ளைகளை மாட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தேன். காளியம்மாளின் பேரன் கார்த்திக்குக்கு ஒன்றரை வயது. போன முறை முள் நின்ற இடத்திலேயே இந்த முறையும் நின்றது. அதற்கு முந்தைய முறையும் அங்கேதான் நின்றது.

"நர்சம்மா, கோழி குடுத்தவுக முட்டை புள்ளைக்குத்தான்னு சொல்லித்தான் குடுத்தாக. இவனப் பாரு, நரம்பாக் கெடக்கான். அவளப் பாரு, எம்புட்டு மினுமினுன்னு இருக்கா! அம்புட்டு முட்டையும் எங்க போகுது?" என்றாள் காளியம்மாள். தெருவே கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

மருமகள் முருகேஸ்வரி சுவரோரம் நின்றிருந்தாள். அந்த மினுமினுப்பு வெங்காயக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்த வியர்வை. மற்றபடி அவளையும் தராசில் மாட்டலாம், அவ்வளவு மெலிந்திருந்தாள்.

"சத்தியமா நா ஒரு முட்ட தொட்டதில்ல நர்சம்மா. கோழி வந்த நாள்லருந்து அது ருசி கூட எனக்குத் தெரியாது. எல்லாம் இவனுக்குத்தான் ஊட்டுறேன். நல்லாத்தான் திங்கிறான். செத்த நேரத்துல தண்ணியாப் போயிருது."

"ஆவணில ஊர்ப் பெரியவுகளக் கூட்டி இத முடிச்சுவிடப்போறோம். புள்ள இங்க இருக்கட்டும். இவ சேவுகம்பட்டிக்கே போகட்டும், அவ அப்பன் வீட்டுல முட்ட போடட்டும்" என்றாள் மாமியார்.

முருகேஸ்வரியின் புருஷன் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்ப்பவன். ஷிப்ட் இல்லாத நேரத்தில் தூங்குபவன். அவனிடமிருந்து எதுவும் எதிர்பார்க்க முடியாது. பிள்ளையின் எடை ஏறாவிட்டால் இவள் பிள்ளையை இழப்பாள் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

2. மாதிரி வீடு

கோழி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு தொண்டு நிறுவனம், எடை குறைந்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நாட்டுக்கோழி கொடுத்தது. கோழி முட்டையிடும், பிள்ளை தின்னும், சதை போடும். காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. காளியம்மாள் கோழி வளர்ப்பதில் கெட்டிக்காரி. கொடுத்த நாலு கோழியும் பெருகின. அதனால் அந்த வீட்டுச் சுவரில் 'மாதிரி வீடு' என்று பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

திட்ட அதிகாரி ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதையான மனிதர். எடை ஏறவில்லை என்று நான் சொன்னதும் உடனே வழி கண்டுபிடித்தார்.

"ஏனுங்க சிஸ்டர், அப்ப முட்டை பத்தலைன்னு அர்த்தமுங்க. இன்னும் நாலு கோழி சேங்ஷன் பண்ணிடலாமுங்க."

பண்ணியும் விட்டார். அடுத்த முறை நான் போனபோது அடுப்படியில் ஒன்று, நெல் மூட்டை மேல் ஒன்று, தூளியின் கயிற்றில் ஒன்று என்று வீடெல்லாம் கோழி. கார்த்திக் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். வயிற்றுப்போக்கு இன்னும் அதிகமாகியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே தாயையும் பிள்ளையையும் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

3. டாக்டர் கேட்ட ஒரே கேள்வி

குழந்தைகள் வார்டில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. டிரிப் ஏற்றி, பிள்ளை கண் திறந்து பார்த்த பிறகு என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், இவன் என்ன சாப்பிடுறான்னு எல்லாரும் சொல்லிட்டீங்க. எங்க விளையாடுறான்?"

கோழிகளோடு என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார். குடலின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய தோல். நல்ல சத்தை உள்ளே விட்டு, கெட்டதைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. கோழி எச்சம், அழுக்குத் தண்ணீர், ஈ மொய்த்த சோறு என்று கிருமி தினம் தினம் போனால் அந்தத் தோல் தேய்ந்துவிடும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இறுக்கம் தளர்ந்துவிடும். அதன் பிறகு சத்து சரியாக ஏறாது, உள்ளே வரக் கூடாத கிருமிக் கழிவு மட்டும் ரத்தத்துக்குள் கசியும். உடம்பு, தின்ற சோற்றையெல்லாம் அதோடு சண்டை போடுவதிலேயே செலவழித்துவிடும்.

"அப்ப அவ முட்டைய ஊட்டுனது நிஜம்தானா?" என்றேன்.

"ஊட்டியிருப்பாங்க. ஆனா இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அதுக்கான டெஸ்ட் இங்க இல்ல. இதுக்குன்னு தனி மாத்திரையும் கிடையாது. அழுக்கு வாய்க்குள்ள போறத நிறுத்துங்க, குடல் தானா ஆறும். மொதல்ல கோழியப் பிரிங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த முருகேஸ்வரி அழுதாள். பிள்ளை பிழைத்ததற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "ஊட்டியிருப்பாங்கன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல?" என்று என்னைக் கேட்டாள். கோழி வந்த நாளிலிருந்து அவளை நம்பிய முதல் வார்த்தை அது.

4. கூண்டு

அதிகாரியிடம் போய்க் கோழிக்கூண்டு கேட்டேன். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "கோழிக்கு ஃபண்ட் இருக்குதுங்க. கூண்டுக்கு இல்லீங்க சிஸ்டர். வேணும்னா இன்னும் ரெண்டு கோழி தரலாமுங்க."

வழியைக் கண்டுபிடித்தது முருகேஸ்வரிதான். கொல்லையில் வேறொரு திட்டத்தில் கட்டிய கழிப்பறை இருந்தது. நல்ல சுவர், நல்ல கதவு, மேலே காற்றுப் போக ஓட்டை. அந்த வீட்டிலேயே உருப்படியான கட்டடம் அதுதான் என்பதால் அதில் சின்ன வெங்காயத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். குடும்பம் வழக்கம்போலக் கம்மாய்க்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

"வெங்காயத்த வீட்டுக்குள்ள எடுத்துட்டு, கோழிய அதுக்குள்ள அடைச்சா என்ன அத்த?" என்றாள்.

காளியம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள். கிருமி, குடல் என்று நான் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஆவணி வரைக்கும் அடைச்சு வை. அப்பவும் புள்ள எடை ஏறலேன்னா, உன் மருமகதான் முட்டையத் தின்னான்னு நானே பெரியவுககிட்ட வந்து சொல்றேன்" என்றேன்.

காளியம்மாளுக்கு அது பிடித்துப்போயிற்று. முருகேஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது. டாக்டரே அடித்துச் சொல்லாததை நான் அடித்துச் சொல்லிவிட்டேன், அதுவும் இன்னொருத்தி வாழ்க்கையை வைத்து.

கோழிகள் கழிப்பறைக்குள் போயின. முருகேஸ்வரி தரையைக் கழுவித் துடைத்தாள், பாய் விரித்து அதன் மேல்தான் பிள்ளையை விட்டாள், தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் ஊட்டினாள். நடுவில் கழிப்பறைகளை ஆய்வு செய்ய வந்த அலுவலர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் குதித்தார்.

"கக்கூசுக்குள்ள கோழியா? யாராச்சும் போட்டோ எடுத்தா என் வேலையே போயிரும்!"

"இதுவரைக்கும் வெங்காயம் கெடந்துச்சே சார்?" என்றாள் முருகேஸ்வரி.

"அது விவசாயம்மா!"

5. ஆவணி

தராசின் முள் நகர்ந்தது. பிரமாதமாக ஒன்றும் இல்லை, ஆனால் நகர்ந்தது. வயிற்றுப்போக்கும் நின்றிருந்தது. பெரியவர்கள் கூடவில்லை.

பிறகு ஆளாளுக்கு வெற்றியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கோழி கூடுதலாகக் கொடுத்ததால் எடை ஏறியது என்று அதிகாரி அறிக்கை எழுதினார். கழிப்பறை முழுப் பயன்பாட்டில் உள்ளது என்று ஆய்வு அலுவலர் எழுதினார். அது பொய்யும் இல்லை. "நா கோழிய அடைச்சேன், பேரன் தேறிட்டான்" என்று காளியம்மாள் தெருவில் சொன்னாள். முருகேஸ்வரியின் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இப்போது குடல் ஆரோக்கியத்துக்கு என்று டப்பா டப்பாவாகப் பவுடர் விற்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்கள். எடை ஏறாத பிள்ளையின் வீட்டுக்குப் போனால் முதலில் தரையைப் பாருங்கள், தண்ணீர்க் குடத்தைப் பாருங்கள், ஊட்டுகிற கையைப் பாருங்கள். கோழியை வளர்க்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பிரித்து அடைக்கச் சொல்லுங்கள். தாய் தின்றுவிட்டாளா என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைக் கேட்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வந்ததில்லை.

அந்த ஆவணிக் கடைசியில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். முருகேஸ்வரி இரண்டு முட்டை அவித்திருந்தாள். ஒன்றை மசித்துப் பிள்ளைக்கு ஊட்டி முடித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து இன்னொன்றை உரித்தாள்.

"அது யாருக்கு?" என்றாள் காளியம்மாள்.

"எனக்கு அத்த" என்று சொல்லிவிட்டு, உப்பைத் தொட்டுக்கொண்டு, மாமியார் முகத்தைப் பார்த்தபடியே நிதானமாகத் தின்றாள்.