படுத்தால் வலிக்கும் பல்

அத்தை பல்வலி என்று ராதாபுரத்திலிருந்து பஸ் ஏறித் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. என்னுடைய பத்தமடைப் பாயை அம்மா அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் பாய். சண்டாளி நான், அதற்காகத்தான் அத்தனையும் செய்தேன்.

அத்தையை நோட்டம்விடத் தொடங்கினேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததுமே கன்னத்தைப் பொத்திக்கொண்டு முனகுவாள். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் அம்மாவோடு சிரித்துப் பேசுவாள். படுத்தால் வந்து உட்கார்ந்தால் போகிற வலி உலகத்தில் உண்டா? கள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குதூகலம்.

பல் டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அத்தையை அழைத்துப்போக மாமா வந்து நின்றார். வீட்டு வேலைக்குப் பயந்து பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவர் கட்சி.

"ஒரு நாள் பொறுங்க மாப்பிள்ளை. நாளைக்குப் பல்லைக் காட்டிட்டு அனுப்புதேன்" என்றார் அப்பா. மாமா சற்று இறங்கி வந்தார். அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

"அத்தை நடிக்காவ மாமா. படுத்தாத்தான் வலிக்குங்காவ. எந்திரிச்சு உக்காந்தா நல்லா சிரிச்சுப் பேசுதாவ."

"ஏட்டி, சும்மா கெட" என்று அம்மா அதட்டினாள். அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாண்ணே, படுத்தாத்தான் கூடுது" என்றாள் அத்தை, உள்ளதை உள்ளபடி. மாமா சிரித்துவிட்டார். அரை மணி நேரத்தில் அத்தை பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். அடுத்த மாதம் முகம் வீங்கி, அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். சிரித்தால் தெரிகிற பல். இன்றைக்கும் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

நான் பல் மருத்துவம் படிக்கப் போன முதல் வருடம் அந்த வலி பாடமாகவே வந்தது. பல்லுக்குள் ரத்தம் ஓடுகிறது. அங்கே புண்பட்டால் நரம்பு சில ரசாயனங்களைச் சுரக்கும். ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் பெருகும். சுற்றிலும் கல் மாதிரிச் சுவர், வீங்க இடமில்லை, நரம்பு நசுங்கி வலிக்கும். உட்கார்ந்திருக்கும்போது வேறொரு நரம்பு அந்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும். படுத்ததும் அது பிடியைத் தளர்த்தும், வலி ஏறும். எனக்கு வகுப்பில் தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலமே அத்தைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"பல்லு போனா போகுதுட்டி" என்றாள். "நீ சொன்னதுக்கப்புறம், நாம நடிக்கத்தான் செய்யுதோமோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு பாத்துக்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை, அத்தையும் மாமாவும் தெரு முனை தாண்டுவதற்குள் நான் என் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். தலைமாட்டில் கிராம்புத் தைலம் நெடியடித்தது. யாரும் பார்க்காதபோது அத்தை யாருக்காகப் பல்லில் மருந்து வைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பாயை நாறடித்துவிட்டாள் என்று அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.